முன்தோலும் எச்.ஐ.வி.யும்: ஆப்பிரிக்காவின் கணக்கு, தாராவியின் கணக்கு

தாராவியில் ஒரே சந்துக்குள் திருநெல்வேலிப் பக்கத்து இந்துக் குடும்பமும் முஸ்லிம் குடும்பமும் கிறிஸ்தவக் குடும்பமும் சுவரோடு சுவர் ஒட்டி வாழ்கின்றன. அவர்களில் பலருடைய பாட்டன்மாரை இங்கே கொண்டுவந்து இறக்கியது தோல் பதனிடும் தொழில். 1887இல் தொடங்கிய பெரிய பள்ளிவாசலும் 1913இல் எழுந்த பிள்ளையார் கோயிலும் தாராவிக் குடியேற்றத்தின் வயதைச் சொல்லும். பேச்சு ஒன்று, தண்ணீர் பிடிக்க நிற்கும் வரிசை ஒன்று. ஆனால் ஒரு வீட்டுப் பையனுக்குச் சிறு வயதிலேயே முன்தோல் நீக்கி சுன்னத் ஆகியிருக்கும்; அடுத்த வீட்டுப் பையனுக்கு ஆகியிருக்காது. உடம்பில் இருக்கும் இந்தச் சிறு வித்தியாசம், அந்த இரண்டு பேரும் வளர்ந்து ஆளான பிறகு எச்.ஐ.வி. தொற்றுவதில் ஏதேனும் மாற்றம் செய்கிறதா?

செய்கிறது. அறிவியல் இதில் தயங்கவில்லை. ஆனால் எந்த அளவுக்கு, யாருக்கு, எந்த ஊரில் என்று கேட்கத் தொடங்கியதும் பதில் மாறிக்கொண்டே போகிறது. நம்மிடையே புழங்கும் பேச்சு அந்தக் கேள்விகளைக் கேட்பதே இல்லை. "கத்னா (சுன்னத்) ஆனவனுக்கு எய்ட்ஸ் வராது" என்பார் ஒருவர். "அதெல்லாம் மதத்துக்காகக் கட்டிவிட்ட கதை" என்பார் இன்னொருவர். முதல் ஆளின் நம்பிக்கை அவர் உயிருக்கே ஆபத்து. இரண்டாவது ஆளோ முப்பது ஆண்டு ஆராய்ச்சியை ஒரே வார்த்தையில் தூக்கி எறிகிறார்.

இந்தச் சந்தேகம் முதலில் எழுந்தது 1980களில். அமெரிக்காவைச் சேர்ந்த ஏரன் ஃபிங்க் என்ற சிறுநீரியல் மருத்துவர் 1986இல் ஒரு மருத்துவ இதழுக்கு எழுதிய கடிதத்தில், முன்தோல் இல்லாத ஆண்களுக்கு இந்தத் தொற்று எளிதில் வராமலிருக்கலாம் என்று ஊகித்தார். அதே ஆண்டில்தான் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். ஃபிங்க்கிடம் இருந்தது ஊகம் மட்டுமே. அதற்கு வலு சேர்த்தது ஆப்பிரிக்க வரைபடம். எந்தெந்தச் சமூகங்களில் முன்தோல் நீக்கும் வழக்கம் உண்டு, எங்கெங்கே இல்லை என்று ஒரு வரைபடத்தில் குறித்து, எச்.ஐ.வி. பரவலை அதன்மேல் வைத்துப் பார்த்தார்கள் ஜான் பாங்கார்ட்ஸ், ஆஸ்திரேலியாவின் கால்டுவெல் தம்பதி போன்ற மக்கள்தொகை அறிஞர்கள். வழக்கம் இல்லாத பகுதிகளில் நோய் அடர்த்தியாக இருந்தது.

வரைபடம் ஒத்துப்போவதால் மட்டும் காரணம் நிரூபணமாகிவிடாது. சுன்னத் செய்துகொள்பவர்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள். அவர்களில் மது அருந்தாதவர்கள் அதிகம் இருக்கலாம். பாலியல் தொடர்புகள் வேறு மாதிரி இருக்கலாம். தொழுகைக்காக அன்றாடம் பலமுறை உடலைக் கழுவுவதும் உண்டு. தொற்றைக் குறைத்தது வாழ்க்கை முறையா, வெட்டியெடுத்த தோலா?

இந்தக் கேள்விக்கு நல்லதொரு விடை நம் பக்கத்திலிருந்தே வந்தது. மும்பையிலிருந்து மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கும் புனேயில், தேசிய எய்ட்ஸ் ஆராய்ச்சி நிறுவனமும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் 1990களில் ஓர் ஆய்வை நடத்தின. பால்வினை நோய்க்காக மருத்துவமனைக்கு வந்தவர்களில் எச்.ஐ.வி. இல்லாத 2,298 ஆண்களை எடுத்துக்கொண்டு, தொடர்ந்து ரத்தப் பரிசோதனை செய்துவந்தார்கள். 2004இல் 'லான்செட்' இதழில் முடிவு வெளியானது. முன்தோல் நீக்கப்பட்டவர்களுக்கு எச்.ஐ.வி. தொற்றும் ஆபத்து, மற்றவர்களுக்கு இருந்ததில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குதான். ஆய்வில் முன்தோல் நீக்கப்பட்டவர்கள் எண்ணிக்கை குறைவு என்பதால் இந்த ஏழில் ஒன்று என்பதைத் துல்லியமாகப் பிடித்துக்கொள்ளக் கூடாது. எனக்கு அந்த ஆய்வில் பிடித்தது வேறொன்று. அதே ஆண்களிடம் சிபிலிஸ், கொனோரியா, பிறப்புறுப்பு ஹெர்பிஸ் ஆகியவை புதிதாகத் தொற்றுகின்றனவா என்றும் பார்த்தார்கள். இந்த மூன்றிலும் இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை.

இதன் பொருளைக் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். சுன்னத் ஆனவர்கள் ஒழுக்கமாக இருந்ததால்தான் எச்.ஐ.வி. குறைந்தது என்றால், மற்ற பால்வினை நோய்களும் சேர்ந்தே குறைந்திருக்க வேண்டும். அவை குறையவில்லை. இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடந்துகொண்டிருக்கிறார்கள். ஒரே மாதிரி ஆபத்துக்குத்தான் போயிருக்கிறார்கள். எச்.ஐ.வி. மட்டும் ஒரு தரப்பில் தடுக்கி நின்றது. அப்படியானால் காரணம் நடத்தையில் இல்லை, உடலில் இருக்கிறது.

ஆனாலும் இது கண்காணிப்பு ஆய்வுதான். ஒருவருக்கு அறுவை சிகிச்சை செய்து, இன்னொருவருக்குச் செய்யாமல், சீட்டுக் குலுக்கிப் பார்த்தாலொழிய சந்தேகம் தீராது. அதையும் செய்தார்கள். தென்னாப்பிரிக்காவின் ஆரஞ்ச் ஃபார்மில் 3,274 பேர், கென்யாவின் கிசுமுவில் 2,784 பேர், உகாண்டாவின் ராக்காயில் 4,996 பேர். எல்லோரும் தாமாக முன்வந்த ஆண்கள்; ஏறக்குறைய எல்லோருக்குமே எச்.ஐ.வி. இல்லை. பாதிப் பேருக்கு உடனே அறுவை. மீதிப் பேருக்கு ஆய்வு முடிந்த பிறகு. இரு தரப்புக்கும் ஆலோசனையும் ஆணுறையும் ஒரே அளவில்.

மூன்று ஆய்வுகளும் பாதியிலேயே நிறுத்தப்பட்டன. ஆரஞ்ச் ஃபார்மில் அறுவை செய்துகொண்டவர்களில் 20 பேருக்கும் செய்யாதவர்களில் 49 பேருக்கும் தொற்று வந்திருந்தது. கிசுமுவில் 22க்கு 47. ராக்காயில் 22க்கு 45. வித்தியாசம் இவ்வளவு தெளிவாகத் தெரிந்த பிறகும் இரண்டாவது குழுவைக் காத்திருக்க வைப்பது அறமாகாது என்று கண்காணிப்புக் குழுக்கள் முடிவுசெய்தன. ஆரஞ்ச் ஃபார்ம் முடிவு 2005இல் வந்தது; மற்ற இரண்டும் 2006 டிசம்பரில் நிறுத்தப்பட்டன. ஆபத்து 50 முதல் 60 சதவீதம் குறைகிறது என்று மூன்று ஊர்களும் ஒரே குரலில் சொல்லிவிட்டன. 2007 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம், எச்.ஐ.வி. மிகுந்த நாடுகளில் இதைத் தடுப்பு முறைகளில் ஒன்றாகச் சேர்க்கலாம் என்று பரிந்துரைத்தது. அதன் பிறகு கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்க நாடுகளில் மூன்று கோடிக்கும் அதிகமான ஆண்கள் தாமாக முன்வந்து இதைச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

முன்தோலில் அப்படி என்னதான் இருக்கிறது? அதற்கு இரண்டு முகங்கள். வெளிமுகம் சாதாரணத் தோல். உள்முகம் ஈரப்பதமான, வாயின் உட்புறத்தை ஒத்த சவ்வு. உறவின்போது முன்தோல் பின்னே இழுபட, உள்ளே மூடியிருந்த முகம் முழுக்க வெளியே திரும்பி, உராய்வுக்கும் துணையின் உடல் திரவத்துக்கும் நேராகக் காட்டப்படுகிறது. அங்கே கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுவது எளிது. அந்தச் சவ்வில் லாங்கர்ஹான்ஸ் செல்கள், சிடி4 செல்கள் என்று நோய் எதிர்ப்புச் செல்கள் மேற்பரப்புக்கு அருகிலேயே இருக்கின்றன. வேறு கிருமி வந்தால் பிடித்துக் கொடுப்பது இவற்றின் வேலை. எச்.ஐ.வி.யோ இந்தச் செல்களைத்தான் தேடி வருகிறது. அதற்கு நுழைவாயிலே இவைதான்.

உள்முகத்தில் கெரட்டின் என்ற கடினமான மேற்படலம் மெல்லியது, அதனால் வைரஸ் எளிதில் நுழைகிறது என்ற விளக்கம்தான் பல நூல்களில் முதலில் வரும். அளந்து பார்த்த ஆய்வாளர்கள் எல்லோரும் அதை ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது அதிகம் கவனிக்கப்படுவது பாக்டீரியா. முன்தோலுக்கு அடியில் காற்றுப் புகாத ஈர இடுக்கில், ஆக்சிஜன் இல்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. ராக்காய் ஆண்களின் மாதிரிகளை அறுவைக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டபோது, அறுவைக்குப் பின் இந்த வகைகள் வெகுவாகக் குறைந்திருந்தன. இவை அதிகமாக இருந்த ஆண்களுக்கே எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பும் அதிகமாக இருந்தது. இந்தப் பாக்டீரியாக்கள் லேசான அழற்சியை உண்டாக்குகின்றன. அழற்சி வந்த இடத்துக்கு உடல் மேலும் மேலும் சிடி4 செல்களை அனுப்புகிறது. வைரஸ் வரும் நாளில் அதற்கு வேண்டிய செல்கள் அங்கே கூட்டமாகக் காத்திருக்கின்றன. முன்தோலின் பரப்பளவு பெரிதாக இருந்தவர்களுக்கு ஆபத்தும் பெரிதாக இருந்தது என்பதும் ராக்காயில் தெரியவந்த சேதி.

சுன்னத் ஆன இளைஞர்கள் இனி வருவதைக் கவனமாகப் படிக்க வேண்டும். மேலே சொன்ன பாதுகாப்பு, பெண்ணோடு உறவு கொள்ளும் ஆணுக்கு, அந்தப் பெண்ணிடமிருந்து அவனுக்கு வரக்கூடிய தொற்றுக்கு மட்டும்தான். அதுவும் பாதி அளவுக்கு. ஊசி வழியாக வரும் தொற்றில் இதற்கு எந்தப் பங்கும் இல்லை. ஆணோடு ஆண் கொள்ளும் உறவில் ஏற்கும் நிலையில் இருப்பவருக்கும் பயனில்லை. சிபிலிஸ், கொனோரியா பற்றிப் புனே சொன்னதை மேலே பார்த்தோம்.

ஆணுக்கு ஏற்கெனவே தொற்று இருந்தால், அவனிடமிருந்து மனைவிக்குப் போவதை இந்த அறுவை தடுக்குமா? இதையும் ராக்காயில் சோதித்தார்கள். 2009இல் வந்த முடிவு: தடுக்கவில்லை. காயம் ஆறும் முன்பே உறவு கொண்ட தம்பதிகளிடையே பெண்களுக்குத் தொற்று கூடுதலாக இருக்கும் அறிகுறிதான் தெரிந்தது. கணவருக்குத் தொற்று வராமல் இருந்தால் மனைவிக்கும் வராது என்ற சுற்றுவழிப் பயன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கணவருக்கு சுன்னத் ஆகியிருக்கிறது, ஆகவே நான் பத்திரம் என்று ஒரு பெண் நினைத்தால் அவளை யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

சரி, ஆபத்து பாதியாகக் குறைகிறதே, இந்தியா ஏன் இதைக் கையில் எடுக்கவில்லை? பலரும் மதத்தைத்தான் காரணமாகச் சொல்வார்கள். மதம் இரண்டாவது காரணம். முதல் காரணம் கணக்கு. அந்தக் கணக்கில் மும்பைக்கும் ஒரு பங்கு உண்டு.

செம்பூரை ஒட்டிய தேவ்னாரில் இருக்கிறது சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம். தேசியக் குடும்ப நல ஆய்வை நடத்துவது இவர்கள்தான். 2005-06இல் நடந்த மூன்றாவது ஆய்வில், வீடு வீடாகப் போய் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் ரத்தத்தை எச்.ஐ.வி.க்காகப் பரிசோதித்தார்கள். அதற்கு முன் இந்தியாவில் ஐம்பது லட்சத்துக்கும் அதிகமானோர் தொற்றோடு வாழ்கிறார்கள் என்பதுதான் மதிப்பீடு. வீட்டு ஆய்வில் கிடைத்த விகிதமோ 0.28 சதவீதம். இந்தத் தரவும் விரிவுபட்ட கண்காணிப்பு மையங்களின் தரவும் சேர்ந்து, 2007 ஜூலையில் மதிப்பீட்டைச் சுமார் 25 லட்சமாக இறக்கின. உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை வந்து நான்கே மாதத்தில் இது நடந்தது. ஆப்பிரிக்காவின் தெற்கில் இருந்த மாதிரியான தொற்று இங்கே இல்லை என்பது அப்போது உறுதியானது.

இனி அறுவையின் பயனை இரண்டு ஊர்களில் வைத்துக் கணக்குப் போடுவோம். ஆரஞ்ச் ஃபார்மில் அறுவை செய்யாத ஆண்களில் ஆண்டுக்கு 100க்கு 2.1 பேருக்குப் புதிதாகத் தொற்று வந்தது, செய்தவர்களில் 0.85. ஒரு லட்சம் பேருக்கு அறுவை செய்தால் ஓராண்டில் தடுக்கப்படுவது சுமார் 1,250 தொற்றுகள். இந்தியாவில், தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் 2023 மதிப்பீட்டின்படி, ஆண்டுக்குப் புதிதாகத் தொற்று வருவது 1,000க்கு 0.05 பேர். அதாவது ஒரு லட்சத்துக்கு 5 பேர். 60 சதவீதப் பாதுகாப்பு என்றே வைத்துக்கொண்டாலும், ஒரு லட்சம் அறுவைக்குப் பிறகு ஓராண்டில் தடுக்கப்படுவது 3 தொற்று. பெரியவர்களான ஆண்களுக்கு விகிதம் சற்றுக் கூடுதல் என்று இரட்டிப்பாக்கினாலும் 6.

மறுபக்கம், எந்த அறுவைக்கும் ரத்தக் கசிவு, சீழ் பிடித்தல் போன்ற சிக்கல்கள் உண்டு. நல்ல பயிற்சி பெற்றவர்கள் செய்த கிசுமு ஆய்வில்கூட 1.5 சதவீதம் பேருக்கு வந்தன. ஒரு லட்சத்தில் அது 1,500 பேர். மூன்று பேரைக் காப்பாற்ற 1,500 பேரைப் புண்ணோடு அனுப்பும் திட்டத்தை எந்தப் பொது சுகாதார அதிகாரி பரிந்துரைப்பார்? 60 சதவீதம் என்பது இரண்டு ஊரிலும் ஒரே எண்தான். எதில் 60 சதவீதம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இது விளங்காமல்தான் நாளிதழ்களில் வரும் மருத்துவச் செய்திகளில் பாதி நம்மைக் குழப்புகின்றன.

இந்தியாவில் தொற்று எல்லா மக்களிடமும் சமமாகப் பரவியிருக்கவில்லை. பாலியல் தொழிலாளர்கள், ஆணோடு உறவு கொள்ளும் ஆண்கள், திருநங்கைகள், போதை ஊசி போடுபவர்கள், இவர்களோடு தொடர்பு உள்ளவர்கள் ஆகியோரிடையே குவிந்திருக்கிறது. அந்தக் குழுக்களுக்குள் கணக்கு வேறு மாதிரி வரலாம். சீனாவில் ஆணோடு உறவு கொள்ளும் ஆண்களில், செலுத்தும் நிலையில் இருப்போரிடம் நடந்த சீட்டுக் குலுக்கல் ஆய்வு 2024இல் வெளிவந்தது. சிறிய ஆய்வுதான், பயன் இருப்பதாகவே தெரிகிறது. இங்கே அதைச் சோதிக்க நினைப்பவர்களை மதத்தின் பேரால் யாரும் தடுக்கக் கூடாது என்பது என் எண்ணம்.

மதம் இரண்டாவது காரணம் என்றேன். முன்தோல் இந்த நாட்டில் வெறும் தோல் அல்ல. பிரிவினைக் காலம் தொட்டு 1992-93 மும்பைக் கலவரம் வரை, தெருவில் மறிக்கப்பட்ட ஆணின் உடையை அவிழ்த்துப் பார்த்து அவன் இந்துவா முஸ்லிமா என்று முடிவுகட்டிய கொடுமை நடந்திருக்கிறது. தாராவியும் அந்தக் கலவரத்தில் வெந்த இடம். அந்த நினைவுள்ள ஊரில் அரசாங்கமே எல்லோருக்கும் சுன்னத் என்று கிளம்பினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதே நேரம் சாதாரண மக்கள் நாம் நினைக்கும் அளவுக்கு முரண்டு பிடிப்பவர்கள் அல்ல. மைசூரில் 795 தாய்மார்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2008இல் வெளியானது. பெரும்பாலோர் இந்துக்கள். அறுவையின் நன்மை தீமைகளை விளக்கிச் சொன்ன பிறகு, பாதுகாப்பான மருத்துவமனையில் இலவசமாகச் செய்தால் மகனுக்குச் செய்துகொள்வோம் என்று 81 சதவீதத்தினர் சொன்னார்கள். விளக்கிச் சொன்னால் நம் அம்மாக்கள் கேட்டுக்கொள்வார்கள். சொல்லத்தான் ஆள் இல்லை.

முன்தோல் இறுக்கம் இருந்தால் எந்த மதத்தவரும் இந்த அறுவையைச் செய்துகொள்ளத் தயங்கக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சர்க்கரை நோய் உள்ள நடுத்தர வயது ஆண்களுக்கு அடிக்கடி முன்தோலில் புண் வந்து, தோல் இறுகிப்போவது சாதாரணம். வெளியே சொல்ல வெட்கப்பட்டு மாதக்கணக்கில் அவதிப்படுகிறார்கள். எந்தப் பொது மருத்துவமனையிலும் நாள்தோறும் நடக்கும் சின்ன அறுவை இது.

மும்பைக்கு இன்று எச்.ஐ.வி.யைத் தடுக்கக் கத்தியைவிடப் பலமான கருவி கையில் இருக்கிறது: தொற்று உள்ளவர் சாப்பிடும் மாத்திரை. ஒருவருக்குத் தொற்று இருந்து துணைக்கு இல்லாத 1,763 தம்பதிகளிடம் ஒன்பது நாடுகளில் ஓர் ஆய்வு நடந்தது. சென்னையும் புனேயும் அதில் இருந்தன. 2011இல் வந்த முதல் முடிவில், துணையிடமிருந்தே தொற்றியதாக மரபணு மூலம் உறுதியானவை 28. அதில் 27, மருந்து தாமதமாகத் தொடங்கிய தரப்பில். உடனே மருந்து தொடங்கிய தரப்பில் ஒன்றே ஒன்று. 96 சதவீதப் பாதுகாப்பு. அதுவும் ஆண், பெண் இருவருக்கும். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உறவின் மூலம் அது பரவாது என்பது இப்போது நிலைபெற்ற உண்மை.

2017 முதல் இந்தியாவில் தொற்று உறுதியான எவருக்கும் சிடி4 எண்ணிக்கை பார்த்துக் காத்திருக்காமல் மருந்து தொடங்கப்படுகிறது, இலவசமாக. தாராவிக்காரர்களுக்கு சயான் மருத்துவமனை நடந்துபோகும் தூரம். தாராவிக்குள்ளேயே 'சோட்டா சயான்' என்று எல்லோரும் அழைக்கும் நகர்ப்புற சுகாதார மையமும் உண்டு. மாநகர எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் மாட்டுங்காவுக்கு அடுத்த வடாலாவில், எஸ்.ஐ.டபிள்யூ.எஸ். கல்லூரிக்குப் பின்னால், 1890இல் தொடங்கிய ஆக்வர்த் தொழுநோய் மருத்துவமனை வளாகத்தில் இருக்கிறது. ஊர் ஒதுக்கி வைத்த ஒரு நோய்க்காகக் கட்டிய இடத்தில் இன்னொரு நோய்க்கான வேலை நடக்கிறது.

பரிசோதனை எப்படி நடக்கும் என்று தெரியாததாலேயே பலர் போவதில்லை. தமிழ்நாட்டில் நம்பிக்கை மையம் என்றும் மும்பையில் ஐ.சி.டி.சி. என்றும் சொல்லப்படும் அறையில் முதலில் ஓர் ஆலோசகர் தனியாக உட்காரவைத்துப் பேசுவார். சம்மதம் வாங்கிய பிறகுதான் ரத்தம் எடுப்பார்கள். முதல் சோதனையில் தொற்று என்று காட்டினால், அதோடு முடிவு சொல்லிவிட மாட்டார்கள். வேறு வேறு முறையில் இன்னும் இரண்டு சோதனை செய்து, மூன்றும் ஒத்துப்போனால்தான் உறுதி. தொற்று வந்த முதல் சில வாரங்களில் சோதனை அதைக் காட்டாமல் போகலாம் என்பதால், சந்தேகம் இருந்தால் மறுபடி வரச் சொல்வார்கள். முடிவை உங்கள் அனுமதி இல்லாமல் முதலாளியிடமோ உறவினரிடமோ சொல்லக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம். தொற்று இருப்பதற்காக வேலையை விட்டு நீக்குவதையும் அந்தச் சட்டம் தடுக்கிறது.

சுன்னத் ஆனவரோ ஆகாதவரோ, பாதுகாப்பற்ற உறவு ஒருமுறை நேர்ந்திருந்தாலும் போய்ப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஆணுறை இல்லாமல் போகாதீர்கள். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 1097 என்ற எண்ணை அழையுங்கள். கட்டணம் கிடையாது, பெயர் சொல்ல வேண்டியதும் இல்லை.